எங்கள் கிரவுண்டுக்கு ஒரு பைல் திறந்தோம்

கொழும்பில் உதைபந்தாட்டக் கழகம் நடத்துகிற யாரையாவது பிடித்து "உங்கட கிரவுண்ட் எது?" என்று கேளுங்கள். உடனே கையை நீட்டிக் காட்டுவார். "காணி உறுதி யாருடைய பெயரில?" என்று அடுத்துக் கேட்டால் பேச்சு மாறிவிடும். மாநகர சபை, பாடசாலை, தேவாலயம், படை, அமைச்சு என்று ஏதாவது ஒன்றின் பெயரில் இருக்கும். கழகத்தின் பெயரில் மட்டும் இருக்காது. தலைமுறை தலைமுறையாக அதே புல்லில் (புல் என்பது மரியாதைக்குச் சொல்வது) விளையாடியிருப்பார்கள். கையில் இருப்பதோ மைதானம் ஒதுக்கியதற்கான பற்றுச்சீட்டு மட்டும்தான்.

நான் கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கழகம் ஒன்றில் விளையாடியவன். முழங்கால் சொல் கேட்காமல் போன பிறகு செயலாளரானேன். கழகத்தின் ஆண்டு நிறைவுக்கு ஒரு மலர் போடுவது, அதில் "எமது மைதானத்தின் வரலாறு" என்று ஒரு கட்டுரை சேர்ப்பது என்று செயற்குழுவில் முடிவானது. எழுதும் வேலை செயலாளர் தலையில் விழுந்தது. வேறு யார் தலையில் விழும்? இரண்டு பக்கத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்து, கிரவுண்டின் தெருவோரப் பட்டியை வாகனத் தரிப்பிடமாக எடுத்துக்கொள்ள ஒரு தரப்பு எழுத்தில் கேட்டிருப்பதாகக் காதில் விழுந்தது. "அது சும்மா கிடக்கிற இடம்தானே" என்பது அவர்கள் வாதமாம். அன்றிலிருந்து கட்டுரை வேலை பைல் வேலையாகிவிட்டது. மைதான வரலாறு எழுத நினைக்கும் மற்றக் கழகங்களுக்கு உதவும் என்பதால் நாங்கள் செய்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஊர்க் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். இந்த நாட்டில் உதைபந்தாட்டம் தொடங்கியது காலி முகத்திடலில், 1890களில், பிரிட்டிஷ் படைக்காரரின் காலால். அதற்கு முன்பே அந்தத் திடலில் காற்று வாங்குவோரும் குதிரைப் பந்தயக்காரரும் இருந்தார்கள். ஆளுநர் ஹென்றி வார்ட் கடலோர நடைபாதையை 1859இல் முடித்து, கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக அதைப் பார்த்துக்கொள்ளும்படி தனக்குப் பின்வருவோரைக் கேட்டுக் கல்லில் எழுதி வைத்தார். குதிரைப் பந்தயம் 1893இல் கறுவாத்தோட்டத்து ரேஸ் கோர்ஸுக்குப் போனது. பட்டாளத்தாரின் எச்சலன் முகாம் இருந்த இடத்தில் இன்று உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரம் நிற்கிறது.

ரேஸ் கோர்ஸின் கதை இன்னும் விசேஷம். உலக யுத்தத்தில் குதிரை ஓடிய தரை விமான ஓடுபாதையானது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தபோது இங்கிருந்தும் ஹரிக்கேன் விமானங்கள் மேலே எழுந்தன. 1950களின் நடுவில் பந்தயமும் நின்றுபோனது. கடைசியில் புல் வளர்த்து, ரக்பிக்கு ஆக்கி, 2019 செப்டெம்பரில் அதே தரையில் உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டிகளில் துர்க்மெனிஸ்தானையும் வட கொரியாவையும் எதிர்த்து நம் அணி ஆடியது. இரண்டிலும் தோற்றோம், அதை விடுங்கள். நான் சொல்ல வருவது, இந்த ஊரில் எந்தத் திடலும் எப்போதும் அதே வேலையில் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது என்பதைத்தான்.

பொரளைப் பக்கத்து ஓவல் மைதானம் எல்லோருக்கும் தெரியும். தமிழ் யூனியன் கழகத்தார் முன்நின்று நுளம்பு மொய்த்த சதுப்பு நிலத்தை மேடாக்கி 1940இல் திறந்தார்கள். யுத்த காலத்தில் அதையும் படை எடுத்துக்கொண்டது. 1982 பெப்ரவரியில் நாட்டின் முதல் டெஸ்ட் போட்டி அங்கேதான் நடந்தது. 1948இல் பிராட்மனின் அவுஸ்திரேலிய அணி கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும் வழியில் அங்கே இறங்கி ஆடியது. அன்று விக்கெட் பாதை 22 யார் (கெஜம்) இல்லாமல் 20 யாராக இருந்தது என்ற கதை இன்றும் கிரிக்கெட்காரர் வாயில் இருக்கிறது. பெரிய கழகம் என்றால் இரண்டு யார் குறைந்தாலும் சரித்திரம். சின்னக் கழகத்துக்கு ஒரு கிரவுண்டே குறைந்தாலும் எழுத ஆளில்லை.

எங்களுக்குக் கிட்ட உள்ள பெரிய இடம் சுகததாச விளையாட்டரங்கு, 1972இல் வந்தது. 1995இல் தெற்காசிய தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் நம் அணி இந்தியாவை 1-0 என்று தங்கக் கோலில் (மேலதிக நேரத்தில் முதலில் விழுந்து ஆட்டத்தையே முடிக்கும் கோல்) வென்றது அங்கேதான். எங்கள் பகுதியில் அந்த ராத்திரியைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், எல்லாரும் நேரில் பார்த்ததாகவும் சொல்வார்கள். அரங்கு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அத்தனை பேர் கொள்ளாது.

சரி, எங்கள் கிரவுண்டுக்கு வருவோம்.

முதலில் கழகத்து அலுமாரியைத் துப்புரவாக்கினோம். கிண்ணங்களைத் துடைத்து வைத்துவிட்டுக் காகிதங்களைத்தான் குப்பையில் போடப் பார்ப்பார்கள். விடாதீர்கள். ஒரு கிண்ணம் ஒரு நாள் வென்றீர்கள் என்பதற்கு மட்டும் சாட்சி. மைதானத்துக்குக் காசு கட்டிய பற்றுச்சீட்டு, பயிற்சிக்கு அனுமதி கேட்ட கடிதத்தின் காபன் பிரதி, தண்ணீர்க் குழாய் உடைந்தது என்ற முறைப்பாடு, இவையெல்லாம் நீங்கள் அந்த இடத்தைப் பயன்படுத்தினீர்கள், பராமரித்தீர்கள் என்பதற்குச் சாட்சி. வருஷ வாரியாக அடுக்கி, ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, கோப்பின் பெயரில் திகதியைப் போட்டு வைத்தோம். பழைய பற்றுச்சீட்டின் மை மங்கிக்கொண்டே போகும், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கூட்டக் குறிப்பேடுகள் எங்களுக்கு அதைவிடப் பெரிய புதையல். யார் பூட்ஸ் வாங்கக் கடன் கேட்டார், யார் கோல் வலையைக் காயப்போட்டு மறந்தார் என்பது வரை அதில் இருக்கிறது. 1983 ஜூலை ஆரம்பத்தில் நடந்த கூட்டத்தில் "அடுத்த கூட்டம் மாத இறுதியில்" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வெற்றுப் பக்கங்கள். மறுபடி எழுத்துத் தொடங்கும்போது கையெழுத்தும் வேறு, வருகைப் பட்டியலில் பாதிப் பெயர்களும் வேறு. அதைப் பற்றி மலரில் நான் எதுவும் விளக்கவில்லை, அந்தப் பக்கங்களை அப்படியே படமாகப் போட்டேன். உள்நாட்டு யுத்தம் நடந்த தொண்ணூறுகளின் குறிப்புகளில் இன்னொரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது: பின்னேரப் பயிற்சிக்கு வருகிறவர்கள் அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இல்லாமல் வரக்கூடாது. காலுறைக்குள் ஷின் பேடுக்குப் பின்னால் அட்டையைச் செருகிக்கொண்டு விளையாடியது எனக்கே ஞாபகம் இருக்கிறது.

அடுத்தது பெரியவர்கள். இங்கேதான் பலர் நேரத்தை வீணாக்குகிறார்கள். வீட்டுக்குப் போய், சோபாவில் உட்கார்ந்து, போனில் ரெக்கோர்ட் போட்டு, "கழகத்தின் வரலாற்றைச் சொல்லுங்கள் ஐயா" என்றால் பேச்சுப் போட்டியில் பேசுவது போலத்தான் பேசுவார்கள். கிரவுண்டுக்குக் கூட்டி வாருங்கள். சைக்கிளை எங்கே விட்டீர்கள், உடுப்பு எங்கே மாற்றினீர்கள், தண்ணீர் எங்கே குடித்தீர்கள் என்று கேளுங்கள். கால் நடக்கத் தொடங்கினால் வாய் தானாகத் திறக்கும்.

கிராண்ட்பாஸ் பக்கத்து நானா ஒருவர் எங்கள் பழைய கோல் கீப்பர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மகனோடு முச்சக்கர வண்டியில் வந்து இறங்கியவர், கிரவுண்டைப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, கோல் இப்ப ஏன் இந்தப் பக்கம் நிக்குது?"

"எப்பவும் இங்கதானே நானா."

"இல்ல. எங்கட காலத்துல ஒரு கோல் ரோட்டுப் பக்கம், மத்தது அந்த மதில் பக்கம். பின்னேரம் வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும். மதில் பக்கக் கோல்ல நிண்டா பந்தே தெரியாது. செகண்ட் ஹாஃப்ல அந்தக் கோல் கிடைச்சா முடிஞ்சுது. அதுக்குத்தான் பொறகு திருப்பிப் போட்டாங்க."

கடல் எங்களுக்கு மேற்கே. கிழக்கு மேற்காகக் கிடந்த ஆடுகளத்தை யாரோ புத்தியுள்ளவர்கள் வடக்கு தெற்காகத் திருப்பியிருக்கிறார்கள். நான் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் நானா விடவில்லை. தெருவோரத்து மதகுக் கல்லிலிருந்து காலால் அளந்துகொண்டே வந்து, கைத்தடியால் நிலத்தில் தட்டி, "இங்க தோண்டிப் பாருங்க" என்றார். பையன்கள் மண்வெட்டி கொண்டுவந்தார்கள். கொஞ்சம் தள்ளித் தள்ளி இரண்டு மூன்று இடத்தில் தோண்டிய பிறகு கொங்கிறீட் கட்டி ஒன்று தட்டுப்பட்டது. அதன் நடுவில் நிலமட்டத்தோடு அறுத்து விட்ட துருப்பிடித்த இரும்புக் குழாய்.

அது கோல் கம்பமாகவும் இருக்கலாம், பழைய வேலிக் கட்டையாகவும் இருக்கலாம். கோல் கம்பங்களுக்கு இடையே உள்ள தூரம் உலகம் முழுக்க ஒன்றுதான்: 8 யார், அதாவது 24 அடி, மீற்றரில் 7.32. மேசன் வேலை செய்கிற எங்கள் பையன் ஒருவன் டேப்பை இழுத்து, தெருவுக்குச் சமாந்தரமாக 24 அடி அளந்து குறி போட்டான். அந்த இடத்தில் தோண்டினால் இரண்டாவது கட்டி. உள் விளிம்பிலிருந்து உள் விளிம்புக்கு அளந்தால் கணக்குச் சரி. நானா அப்போது மகனிடம் தேநீர் கேட்டுக்கொண்டிருந்தார், அவருக்கு இதில் ஆச்சரியமே இல்லை.

வாகனத் தரிப்பிடமாக்கக் கேட்ட "சும்மா கிடக்கிற இடம்" எது தெரியுமா? அந்தக் கோலுக்கு முன்னால் இருந்த பெனல்டிப் பகுதி. டேப்பை வைத்த நிலையிலேயே, அன்றைய பத்திரிகை ஒன்றை ஓரத்தில் வைத்து, பின்னால் தெருக் கட்டடங்கள் தெரியப் படம் எடுத்தோம். எங்கள் பைலின் முதல் பக்கம் அந்தப் படம்தான்.

பெரியவர்கள் சொல்லும் வருஷங்களை அப்படியே எழுதாதீர்கள். வருஷத்தைக் கேட்காமல் பக்கத்தில் நடந்ததைக் கேளுங்கள். சுகததாச அரங்கு திறப்பதற்கு முன்னா பின்னா, 83 கலவரத்துக்கு முன்னா பின்னா, 96இல் கிரிக்கெட் உலகக் கிண்ணம் வென்றபோது கோல் எந்தப் பக்கம் இருந்தது? இப்படிக் கேட்டால் ஐந்து ஆறு வருஷ இடைவெளிக்குள் வந்துவிடலாம். கிரவுண்டை ஒட்டிய வீட்டு அம்மா ஒருவர் கழகத்து ஆட்கள் எல்லாரையும்விடத் துல்லியமாகச் சொன்னார். தன் மூத்த மகளின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு பந்து வந்து யன்னல் கண்ணாடியை உடைத்ததாம். ரோட்டுப் பக்கக் கோல் இருந்தால் பந்து அவர் வீட்டுக்கு வர வழியே இல்லை. "அந்தக் கிழமைதான் புதுசா கம்பம் நட்டவங்கள், எனக்கு நல்லா ஞாபகம்" என்றார். கல்யாணப் பதிவில் திகதி இருக்கிறது. அப்புறம் என்ன வேண்டும்? கிரவுண்டைச் சுற்றி வாழ்ந்த பெண்களைக் கேட்கக் கழகங்களுக்குத் தோன்றுவதே இல்லை. ஜேர்சி துவைத்தது, தேநீர் ஊற்றியது, பந்தைப் பறித்து வைத்துக்கொண்டது எல்லாம் அவர்கள்தான்.

பத்திரிகைகளைத் தேட, எல்லோரும் ஆர்கைவ்ஸ் என்று சொல்லும் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போக வேண்டும். கொழும்பு 7, பிலிப் குணவர்தன மாவத்தை, ரேஸ் கோர்ஸுக்குப் பக்கத்தில். தமிழில் வீரகேசரி 1930இலிருந்தும் தினகரன் 1932இலிருந்தும் இருக்கின்றன. சும்மா போய் ஒரு வருஷக் கட்டைப் புரட்ட ஆரம்பித்தால் சினிமா விளம்பரத்திலேயே பொழுது போய்விடும். கிண்ணத்தில் பொறித்த வருஷத்தையும் சுற்றுப்போட்டியின் பெயரையும் எழுதிக்கொண்டு போங்கள். கழகத்தின் பெயரை மட்டும் தேடாமல் மைதானத்தின் பெயரையும் தேடுங்கள். சின்ன மெட்ச் முடிவுகளில் அணிகளின் பெயரை ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு விதமாக எழுதியிருக்கும், இடத்தின் பெயர் அவ்வளவாக மாறாது. அடையாள அட்டையும் பென்சிலும் கொண்டு போங்கள்.

வரைபடத்துக்கு நாரஹேன்பிட்டி கிருல வீதியில் உள்ள நில அளவைத் திணைக்களம். 1800இல் தொடங்கிய திணைக்களம் அது, நகரத்தின் பழைய தாள்கள் அங்கே உண்டு. 1956இல் நாடு முழுக்க எடுத்த ஆகாயப் படங்களும் இருக்கின்றன. ஆனால் அவற்றில் நம்பிக்கை வைத்துப் போகாதீர்கள், எங்கள் கிரவுண்ட் அதில் ஒரு அரிசி அளவுதான். பயன்பட்டது நகர வரைபடம். அதில் எங்கள் இடம் தாழ்ந்த நிலமாக, ஓரத்தில் கால்வாய்ப் பக்கம் போகும் கான் (வடிகால்) ஒன்றோடு இருக்கிறது. அது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன்.

எங்கள் கிரவுண்டில் வடகிழக்கு மூலையில் எப்போதும் தண்ணீர் நிற்கும். மே மாதம் தென்மேல் பருவம் தொடங்கினால் அந்தக் கோர்னர் கிக் எடுக்க வாத்துதான் வர வேண்டும். தொண்ணூறுகளில் யாரோ நல்ல மனதோடு இரண்டு லொறி கிரவல் கொட்டினார்கள். தண்ணீர் அப்படியே நின்றது, முழங்கால்கள்தான் தேய்ந்தன. என் முழங்காலுக்கும் அதில் பங்குண்டு. வரைபடத்தை வைத்துப் பார்த்தால் பழைய கான் சரியாக அந்த மூலையில்தான் வெளியேறுகிறது. பிறகு கட்டிய மதில் அதன் மேல் நிற்கிறது. மதிலின் அடியில் ஒரு துவாரம் விட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள். வெளிப்பக்கம் குப்பையும் கல்லும் சேர்ந்து அது மூடிக் கிடந்தது.

மாநகர சபை மேற்பார்வையாளரிடம் வரைபடத்தைக் காட்டி, அனுமதி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரமதானம் போட்டுத் துவாரத்தைத் திறந்தோம். தோண்டத் தோண்டப் பழைய சோடாப் போத்தல் அடிகள், பீங்கான் துண்டு, ஓடு, எலும்பு. ஊர்க் குப்பையைக் கொட்டித்தான் அந்த நிலத்தை மேடாக்கினார்கள் என்று நானா சொன்னது உண்மைதான். அப்படியான நிலம் வருஷக் கணக்காக இறங்கிக்கொண்டே இருக்கும், எவ்வளவு கொட்டினாலும் பள்ளம் திரும்ப வரும். தண்ணீருக்கு வழி விட்டுவிட்டு, கிரவலைச் சுரண்டி எடுத்து, மெல்லிய படையாக மணல் பரப்பினோம். அறுகம்புல் தானே ஏறிக்கொண்டது. இப்போது பெரிய மழைக்குப் பிறகும் மறுநாள் பின்னேரம் பயிற்சி வைக்கலாம். பழைய தாளில் ஒரு கோட்டைப் பார்க்காமல் இன்னும் இரண்டு லொறி கொட்டியிருப்போம்.

அரச அலுவலகங்களில் என்ன பதிவு இருக்கிறது என்று கேட்க, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நல்ல கருவி. எழுத்தில், தமிழிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் அதே அலுவலகத்தில் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தரிடமும், அதன் பிறகு ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். "எங்கள் மைதானத்தின் வரலாறு வேண்டும்" என்று எழுதினால் ஒன்றும் கிடைக்காது. காணியின் வரைபட இலக்கம், அது எந்தப் பயன்பாட்டுக்காக ஒதுக்கப்பட்டது என்ற பதிவு, இன்ன வருஷம் முதல் இன்ன வருஷம் வரை ஒதுக்கீட்டுப் பதிவேட்டுப் பக்கங்களின் பிரதி என்று பிரித்துப் பிரித்துக் கேளுங்கள். கையளிக்கும்போது திகதி முத்திரையோடு உங்கள் பிரதியை வாங்காமல் வராதீர்கள். ஒரு அலுவலகத்தில் எங்கள் முதல் கடிதம் காணாமல் போனது. முத்திரை இருந்ததால் இரண்டாவது கடிதத்துக்கு அவர்களே தேநீர் தந்தார்கள்.

கழகத்தில் சில இளைஞர்களுக்கு ஒரு நப்பாசை இருந்தது: இவ்வளவு காலம் விளையாடியிருக்கிறோம், ஆட்சியுரிமை கேட்டு வழக்குப் போட்டால் என்ன? சட்டத்தரணி அண்ணன் ஒருவர் தெளிவாகச் சொன்னார், அரச காணியில் எத்தனை வருஷம் இருந்தாலும் அப்படி உரிமை வராது. ஆனால் பொதுமக்கள் ஓர் இடத்தை இடைவிடாமல் விளையாட்டுக்குப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள் என்று காட்டுவது வேறு விஷயம். அதற்குக் காகிதம் பேசும். அதனால் பைலின் முகப்புக் கடிதத்தில் "எங்கள் மைதானம்" என்று ஓர் இடத்திலும் எழுதவில்லை. "பொது விளையாட்டு மைதானம்" என்றே எழுதினோம். எங்களோடு அங்கே கிரிக்கெட் ஆடும் பையன்கள், காலையில் நடக்க வரும் அம்மாமார், பக்கத்துப் பாடசாலை எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினோம். தமிழ், சிங்களம் இரண்டு மொழியிலும் கொடுத்தோம். தரிப்பிடக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டதாக எழுத்தில் பதில் எதுவும் வரவில்லை. ஆனால் அதைப் பற்றி அதன் பிறகு யாரும் வாய் திறக்கவுமில்லை.

மலரும் அச்சாகிவிட்டது. அச்சிடும் நூல்களின் பிரதிகளை அச்சகத்தார் அரசிடம் கொடுக்க வேண்டும் என்று 1885இலிருந்தே சட்டம் இருக்கிறது, இன்று அவை சுவடிகள் திணைக்களத்துக்குப் போகின்றன. கழக மலர்தானே என்று சிலர் விட்டுவிடுவார்கள், அச்சகத்தாருக்கு நினைவூட்டி, கொடுத்ததற்கான பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். எங்கள் பைலின் பிரதிகள் இப்போது மூன்று வீடுகளிலும் ஒரு கூகுள் டிரைவிலும் இருக்கின்றன. கழக அறையில் ஒன்றும் வைக்கவில்லை, அங்கே கறையான்.

மலரைப் பார்த்துவிட்டுக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பழைய வீரர்கள் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பத் தொடங்கியிருக்கிறார்கள். அப்படி வந்தால், படத்தின் பின்பக்கத்தையும் சேர்த்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பேனாவால் எழுதிய திகதியும் பின்னால்தான் இருக்கும். முன்பக்கத்தில் முகங்களைப் பார்த்து முடித்ததும் தோள்களுக்கு மேலே பாருங்கள், எந்தக் கட்டடம் தெரிகிறது, கோல் எந்தப் பக்கம் நிற்கிறது என்று.